மச்சான் துபாய்ல இருந்து பிட்காயின் மிஷின் அனுப்புறேங்குறான். நம்ம பக்கம் கட்டுபடியாகுமா?

கீழக்கரைப் பையன்
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். கீழக்கரையில மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். மச்சான் துபாய்ல வேலை பாக்குறான். அங்க ஒருத்தர்கிட்ட ஆன்ட்மைனர் எஸ்19-ன்னு பிட்காயின் எடுக்குற மிஷின், வேகம் 95 டெராஹாஷ், ஓடுற கண்டிஷன்ல நம்ம காசுக்கு 30 ஆயிரத்துக்கு வருதாம். "உன் வீட்டு மாடி ரூம் சும்மாதானே கெடக்கு, நான் வாங்கி அனுப்புறேன், நீ ஓட்டு, வர்றதுல பாதிப் பாதி"ங்குறான். யூடியூப்ல ஒருத்தன் மாசம் 25 ஆயிரம்ங்குறான், இன்னொருத்தன் தலையில கை வச்சு உக்காந்திருக்கான். மார்க்கத்துல கூடுமா கூடாதான்னு இங்க கேக்கல, அதை ஆலிம்சாகிட்ட கேட்டுக்குறேன். கணக்கு மட்டும் சொல்லுங்க. எங்க வீட்டு ஈபி ரீடிங் ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டத் தாண்டாது. மாடி ரூம் கடலுக்கு 400 மீட்டர்.

கணக்குப்பிள்ளை
தம்பி, கணக்குதானே கேட்டீக, பேப்பர் எடுத்துக்கங்க.

எஸ்19 இழுக்குறது 3,250 வாட். ராப்பகலா ஓடுனா ஒரு நாளைக்கு 78 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 4,680. உங்க வீட்டு 300-ஐயும் சேத்தா 4,980 யூனிட். 2024 ஜூலையில ஏத்துன கட்டணப்படி வீட்டு இணைப்புல 400 யூனிட் வரைக்கும் 4.80, அப்புறம் படிப்படியா ஏறி, 1,000 யூனிட் தாண்டுனா யூனிட்டுக்கு 11.80. முதல் நூறு யூனிட் இலவசத்தையும் கழிச்சுப் போட்டுப் பாத்தேன். பில்லு சுமார் 54 ஆயிரம். இப்ப நீங்க ஆயிரத்துக்குள்ள கட்டிக்கிட்டிருப்பீக.

வரவு: பிட்காயின் தோண்டுறதுன்னா மிஷினுங்க ஒரு கணக்குப் புதிருக்கு விடை தேடுறது. விடை கண்டா ஒரு பிளாக், அதாவது பணப் பரிமாற்றக் கணக்குல ஒரு பக்கம், அதுக்குப் பரிசாப் புதுக் காயின். பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக். ஒரு நாளைக்கு 144. 2024 ஏப்ரல்ல பரிசைப் பாதியாக்குனதுக்கு அப்புறம் ஒரு பிளாக்குக்கு 3.125 காயின். ஆக உலகம் முழுக்க ஒரு நாளைக்குப் புதுசா வர்றதே 450 காயின்தான். அதைப் பங்கு போடுற மொத்த மிஷின்களோட வேகம் 2025-ல ஒரு செட்டாஹாஷைத் தொட்டுருச்சு, அதாவது நூறு கோடி டெராஹாஷ். அதுல உங்களுது 95. உங்க பங்கு ஒரு நாளைக்கு 4,275 சடோஷி (ஒரு காயின்ல பத்து கோடியில ஒரு பங்குதான் சடோஷி). காயின் விலை 80 லட்சம்னு வச்சுக்குவோம். 342 ரூபாய். ரெண்டு மாசத்துக்கு 20,500. பூல், அதாவது பல பேரு மிஷினைச் சேத்து ஓட்டிப் பங்கு போடுற குழு, அதோட கமிஷன் இன்னும் கழிக்கல.

கையில வர்றது இருபதாயிரம், கட்டுறது அம்பத்தி நாலாயிரம். மிஷினைச் சும்மா குடுத்தாக்கூட வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

கீழக்கரைப் பையன்
11.80-ஆ! நாங்க 4.80-ன்னு வச்சு ஓட்டிப் பாத்தோம் காக்கா.

கணக்குப்பிள்ளை
4.80-லயே பாருங்களேன். 78 யூனிட்டுக்கு 374 ரூபாய், வரவு 342. யூனிட் 4 ரூபாய் 38 காசுக்குக் கீழ கெடைச்சாத்தான் அந்த மிஷின் கரண்டுக் காசையாவது எடுக்கும். புது எஸ்21 எடுத்தீகன்னா 200 டெராஹாஷ், 3,500 வாட். நாளைக்கு 720 வரவு, 84 யூனிட் செலவு. அதுக்கு 8 ரூபா 57 காசு வரைக்கும் தாங்கும். நமக்கு 11.80. அதுவும் கவுந்துரும்.

கச்சான்
நீங்கள்லாம் இன்னைக்கு விலையை வச்சே பேசுறீங்க. 2024 டிசம்பர்ல ஒரு லட்சம் டாலர் தாண்டுச்சா இல்லையா? இன்னைக்கு நஷ்டத்துல தோண்டி வச்சாலும் நாலு வருஷம் கழிச்சு விக்கும்போது லாபம்தானே. தைரியமா எறங்குங்க ப்ரோ.

கணக்குப்பிள்ளை
விலை ஏறும்னு நம்புனா அந்த 54 ஆயிரத்துக்குக் காயினாவே வாங்கி வையுங்க தம்பி. மிஷின் வழியாப் போனா 20 ஆயிரத்துக்குத்தான் காயின் வருது. ஏறுறது ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஏறும்.

கச்சான்
எல்லாரும் மிஷின் போடுறாங்களே, அவங்கள்லாம் முட்டாளா?

உப்புக்காத்து
அவுங்களுக்குக் கரண்டு நம்ம விலையில இல்ல. பூடான்ல அரசாங்கமே சொந்த நீர்மின்சாரத்துல ஓட்டுது. அது கூட நம்ம மாடி ரூம் போட்டி போடணும்.

அப்புறம் ஒன்னு. கடல்ல படகு கூடுனா மீன் கூடுமா? கூடாதுல்ல. இங்கயும் அதே கதைதான். ஆளு கூடக் கூட 2,016 பிளாக்குக்கு ஒரு தடவை, சுமாரா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிட்காயின் அந்தப் புதிரோட கஷ்டத்தைத் தானா ஏத்திக்கும். அதே 450-ஐத்தான் எல்லாரும் பங்கு போடணும். 2021-ல சீனாக்காரன் சுரங்கத்தை மூடச் சொன்னான்ல, அப்ப மட்டும் தலைகீழா நடந்துச்சு. ஜூலையில ஒரே அடியா 28 சதவீதம் கஷ்டம் எறங்குச்சு. அவனுக்குத் தடைக்காலம், மத்தவனுக்கெல்லாம் மடி நெறைஞ்ச காலம். நம்ம மீன்பிடித் தடைக்காலம் மாதிரி வருசா வருசம் ஏப்ரல் 15-க்கு அது வராது.

நான் இதைச் செஞ்சவன், அதனால சொல்றேன். தங்கச்சிமடம். 2021 ஜூன்ல ஆறு கிராஃபிக்ஸ் கார்டு, ஆர்எக்ஸ் 580, எல்லாம் பழசு. அப்ப கார்டுக்கு அடிதடி, ஆறுக்கும் சேத்து 2 லட்சத்து 20 ஆயிரம் குடுத்தேன். ஈதர்ங்குற இன்னொரு காயினைத் தோண்டுனேன். 2022 செப்டம்பர் 15-ல அந்தக் காயினோட நெட்வொர்க்கான ஈத்தீரியம்காரங்க தோண்டுற முறையையே தூக்கிட்டாங்க. ஒரே ராத்திரியில உலகத்துல ஈதர் தோண்டுன அத்தனை கார்டுக்கும் அந்த வேலை போச்சு. அன்னைக்கு என் கணக்குல ஒன்னேகால் ஈதர் இருந்துச்சு.

நல்லாத்தானே இருக்குன்னு தோணும். கார்டு வாங்குன அன்னைக்கு ஈதர் ஒன்னேமுக்கால் லட்சம் சுமார். அந்த 2.20 லட்சத்துக்கு அன்னைக்கே ஈதரா வாங்கியிருந்தாலும் அதே ஒன்னேகால் வந்திருக்கும். கரண்டுக்குப் போன அறுபதாயிரத்துச் சொச்சத்துல (அப்ப மேல் படியே 6.60-தான்) கார்டை வித்ததுல 45 ஆயிரம் திரும்புச்சு. பதினஞ்சு மாசம் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். எங்க வீட்ல இன்னும் சொல்லிக்காட்டுவாக.

விக்கும்போது நடந்ததச் சொல்றேன், கடல் பக்கம் இருக்குறவங்க கவனிங்க. மதுரையில இருந்து ஒரு பையன் வாங்க வந்தான். முதல் கார்டைக் கையில எடுத்துத் திருப்புனான். பின்பக்கத் திருகாணி நாலும் செங்கல் கலர்ல துரு. ஃபேனைக் கழட்டுனா, அலுமினியத் தகடு இடுக்கெல்லாம் வெள்ளையாப் பூத்திருக்கு, வாலிநோக்கம் உப்பளப் பாத்தி ஓரத்துல உப்பு கட்டி நிக்குமே அந்த மாதிரி. நகத்தால சுரண்டுனான், பவுடரா உதிருது. ஃபேனை விரலால தட்டி விட்டான், அரைச் சுத்து சுத்தி நின்னுருச்சு. "அண்ணே, இதைக் கடல்ல முக்கி எடுத்தீகளா"ன்னு கேட்டான். முக்கல தம்பி, சன்னலைத் தொறந்து வச்சேன். சூடு போகணும்னா சன்னலைத் தொறக்கணும், தொறந்தா உப்புக்காத்து உள்ள வருது, அதை ராப்பகலா ஃபேன் உறிஞ்சி இடுக்கு இடுக்கா ஏத்துது. மூடுனா ரூம் அடுப்பாயிடும். ஏசி போட்டா அதுக்கு ஒரு கரண்டு. என் ஆறு கார்டும் சேந்து எடுத்ததே 900 வாட்டுதான். உங்களுது மூணு மடங்கு தாண்டும், காத்தும் அந்த அளவுக்கு இழுக்கும்.

கீழக்கரைப் பையன்
கடைக்கு வர்ற போன்ல சார்ஜிங் பின்னு பச்சை பூத்து வர்றதத் தினமும் பாக்குறேன். எனக்கே தோணியிருக்கணும். சத்தம் எப்படி காக்கா?

உப்புக்காத்து
என் கார்டுங்க சத்தமே இல்ல. நீங்க சொல்ற எஸ்19 கம்பெனிக் கணக்குப்படியே 75 டெசிபல். வீட்டுக்குள்ள மிக்ஸி நிக்காம ஓடுறதா நெனச்சுக்கங்க, சஹர் நேரத்துலயும்.

முண்டு மிளகாய்
நமக்கு சாயல்குடி பக்கம் தோப்பு. பம்ப்செட்டுக்கு விவசாயக் கரண்டு, அது ஃப்ரீ. மோட்டார் ரூம்ல ஒரு மிஷினை வச்சு ஓட்டுனா என்னங்க? யாருக்குத் தெரியப் போகுது?

ரிடையர்டு லைன்மேன்
எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கம்பத்துல ஏறுனவன்.

விவசாய இணைப்புல வேற எதுக்குக் கரண்டு எடுத்தாலும் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவு. எந்த உபயோகத்துக்கு எடுத்தீங்களோ அதுக்குண்டான கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு போடுவாங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியலைன்னா பன்னெண்டு மாசத்துக்குப் பின்னால போய்ப் போடுவாங்க. மோட்டார் ரூம்ல ராத்திரி பகலா மூணு கிலோவாட் ஓடுனா டிரான்ஸ்ஃபார்மர்லயே தெரியும் தம்பி. தண்ணி இல்லாத கோடையில யாரு இருபத்திநாலு மணி நேரம் மோட்டார் ஓட்டுறா? கெணத்துல தண்ணி இருக்கான்னு முதல்ல எட்டிப் பாப்போம், அப்புறம்தான் மீட்டர்.

கீழக்கரைத் தம்பிக்கும் அதேதான். வருமானத்துக்குன்னு ஓட்டுனா அது வீட்டு உபயோகம் இல்ல. டாரிஃப் மாத்தச் சொல்லுவாங்க, மாத்தாம ஓட்டிப் புடிபட்டா 126.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பயம். 3,250 வாட்டுன்னா 230 வோல்ட்டுல 14 ஆம்பியர். நம்ம வீட்டுல இருக்குற 16 ஆம்பியர் பிளக்கு ஹீட்டரை அரை மணி நேரம் போட்டு அணைக்கிறதுக்கு. வருஷம் முழுக்க 14 ஆம்பியர் ஓட்டறதுக்கு இல்ல. மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஊரே ஏசி போடும்போது கடைசி கம்பத்து வீட்டுல வோல்ட்டேஜ் 190-க்கு எறங்கும். இந்த மாதிரி மிஷின் அதே வாட்டை இழுக்கப் பாக்கும், அப்ப ஆம்பியர் 17. உப்பு புடிச்ச பிளக்குப் பின்னு, லூஸ் கான்டாக்ட், 17 ஆம்பியர். ஒரு ஐஸ் கடையில டாப் பிளக்கு சுவத்தோட உருகி ஒட்டிக் கெடந்ததைக் கத்தியால பேத்து எடுத்திருக்கேன். அன்னைக்கு அந்த ஆளு பக்கத்து ரூம்ல தூங்கிக்கிட்டு இருந்தாரு. கறுப்பா ஒழுகியிருந்துச்சு, மெழுகுவத்தி மாதிரி.

கணக்குப்பிள்ளை
ஐயா சொன்னதுல ஒரு திருத்தம், அந்தப் பவர் சப்ளை 200 வோல்ட்டுல இருந்து 240-க்குள்ளதான் வேலை செய்யும். 190-ல பெரும்பாலும் தானா நின்னுரும்.

ரிடையர்டு லைன்மேன்
நல்லது. அப்ப நெருப்புக்குப் பதிலா வருமானம் நிக்கும்.

முண்டு மிளகாய்
சரிங்க, விட்டுட்டேன். சும்மா கேட்டேன். கமுதியில 648 மெகாவாட் சோலார் ஓடுது, நம்ம மாவட்டத்து வெயிலு. ஆனா பில்லு மட்டும் சென்னைக்காரனுக்கு வர்ற அதே ரேட்டு. சோலார் போட்டாவது ஓட்டலாமா?

கணக்குப்பிள்ளை
ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும். 78 யூனிட்டுக்கு இருபது கிலோவாட் வேணும். கிலோவாட்டுக்கு அம்பதாயிரம்னாலும் பத்து லட்சம். மத்திய அரசு மானியம் மூணு கிலோவாட்டுக்கு 78 ஆயிரம், அதோட நின்னுரும். பத்து லட்சம் போட்டு நாளைக்கு 342 ரூபாய், அதுவும் 2028-ல பிளாக் பரிசு மறுபடி பாதியாகுற வரைக்கும். வெயில் நேரத்துல மட்டும் அஞ்சு மணி நேரம் ஓட்டுனா 71 ரூபாய் வரும். அந்தப் பேனல் கரண்டை அப்படியே வீட்டுக்கு எடுத்துக்குறவன் இதைவிட மிச்சம் புடிப்பான். 300 யூனிட் வீட்டுக்கு அதுவும் அவசரமில்லன்னு வைங்க.

கச்சான்
எனக்கு ஒரு ஐடியா. குளிர் நாட்டுல இந்தச் சூட்டை வச்சு வீட்டைச் சூடாக்குறாங்க, பணம் மிச்சமாகுது. நம்ம ஊர்ல அந்த வெந்த காத்தை ஒரு பெட்டிக்குள்ள விட்டுக் கருவாடு காய வச்சா? சூடும் வீணாகாது, காயினும் வரும். டபுள் வருமானம்!

நெத்திலி வியாபாரம்
பாம்பன்ல இருந்து பேசுறேன். கருவாடுன்னதும் படிச்சேன், மத்தது எனக்குப் புரியல.

தம்பி, நீங்க சொல்றது மழைக்காலத்துக்கு நல்லாருக்கும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வெயிலு இல்லாம எத்தனை நெத்திலி புழுத்துக் கொட்டியிருக்கோம்னு எங்களுக்குத்தான் தெரியும். ஆனா அப்பதான் காத்து மழையில கரண்டும் போகும். வெயில் காலத்துல எங்களுக்கு ஓசியில மேலேருந்து வருது, வலையை விரிச்சுப் போட்டா நெத்திலி ஒரே நாள்ல சலசலன்னு காயும்.

அப்புறம் அந்தச் சூடு எம்புட்டு? ரொம்பச் சூடா அடிச்சா மேல பொருக்குத் தட்டிரும், உள்ள ஈரம் அப்படியே நிக்கும். பாக்க நல்லா இருக்கும், நாலு நாள்ல செவப்பு பூத்து நாறும். வாங்கிட்டுப் போனவக திரும்பி வந்து கடை முன்னாடி நிப்பாக. மெல்லமாக் காயணும், காத்து வேணும், பெரட்டி விடணும். பெரிய மீனுக்கு உப்பு முதல்ல ஊறணும். மீனு எண்ணெய், உப்புத் தண்ணி ஆவி, பூனை. இது மூணும் உங்க மிஷினுக்கு ஆகுமான்னு பாத்துக்கங்க. ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டுல எனக்கு நிக்கிறது எவ்வளவுன்னு தெரிஞ்சா நீங்க காயின் பக்கமே போக மாட்டீக, கருவாட்டுப் பக்கமும் வர மாட்டீக.

கச்சான்
அக்கா 😂 வாபஸ்.

ஆடிட்டர் ஆபீஸ்
பரமக்குடியில ஆடிட்டர்கிட்ட வேலை பாக்குறேன். வரி பத்தி யாருமே பேசலையே.

2022 ஏப்ரல்ல வருமான வரிச் சட்டத்துல 115பிபிஎச்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க. கிரிப்டோ வித்த லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதுக்கு மேல 4 சதவீதம் செஸ், ஆக 31.2. கழிக்க விடுறது காயின் வாங்குன விலையை மட்டும்தான். தோண்டுனவங்களுக்கு வாங்குன விலைன்னு ஒன்னு கிடையாது. மிஷின் செலவு அந்தக் கணக்குல வராதுன்னு 2022 மார்ச்சுலயே மக்களவையில நிதித்துறை பதில் சொல்லியாச்சு. கரண்டு பில்லுக்கும் கழிவு இல்ல. அதனால மேல போட்ட கணக்குல அந்த 20,500 முழுசும் லாபம்னு எடுத்து சுமார் 6,400 வரி. 54 ஆயிரம் செலவு பண்ணி நஷ்டப்பட்டாலும் வரி உண்டு. அந்த நஷ்டத்தைக் கடை வருமானத்துல கழிக்கவும் முடியாது. விக்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே புடிக்கிற வரி, தனியாப் புடிப்பாங்க, ரிட்டர்ன்ல அதைக் காட்டிக்கலாம். எங்க ஆபீஸுக்கு வந்த ஒருத்தர் இதைக் கேட்டுட்டு ஒரு நிமிஷம் பேசாம இருந்தாரு, அப்புறம் "தண்ணி இருக்கா"ன்னு கேட்டாரு.

கீழக்கரைப் பையன்
எனக்கும் ஒரு சொம்பு குடுங்க.

உச்சிப்புளி
இவ்வளவு சோகம் வேண்டாம். நான் ஒரு பிட்டாக்ஸ் வச்சிருக்கேன், பிட்காயின் தோண்டுற உள்ளங்கை அளவு போர்டு, வைஃபை ரவுட்டர் பக்கத்துல சின்ன ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு. 1.2 டெராஹாஷ், 18 வாட்டு. ரெண்டு மாசத்துக்கு 26 யூனிட், யாரும் கேக்க மாட்டாங்க. பூல்ல சேராம தனியா ஓடுது. பிளாக் அடிச்சா 3.125 காயின் மொத்தமும் எனக்கு.

கணக்குப்பிள்ளை
அடிக்கிறதுக்குச் சராசரியா 15 ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகும் சார்.

உச்சிப்புளி
தெரியும். தமிழ்நாட்டுல லாட்டரிய 2003-ல மூடிட்டாங்க, எங்க அப்பா அதுல இருந்து சும்மா இருக்காரு. இப்ப தினமும் காலையில அந்தத் திரையை எட்டிப் பாத்துட்டுத்தான் காப்பி. அவருக்கு அது போதும்.

வருமானம்_வாய்ப்பு
வீட்டில் மிஷின் வேண்டாம்! கிளவுட் மைனிங், மாதம் 8 சதவீதம் உறுதி, ஆள் சேர்த்தால் கமிஷன். இன்பாக்ஸ் வரவும்.

உப்புக்காத்து
வந்துட்டாங்கய்யா. கெயின்பிட்காயின்னு ஒன்னு இருந்துச்சு, மாசம் 10 சதவீதம், 18 மாசத்துக்குன்னு சொல்லி நாடு பூரா வசூல் பண்ணி, அமலாக்கத் துறை, சிபிஐ வரைக்கும் போச்சு. இவரு 8 தான் சொல்றாரு, அடக்கமானவரு. அட்மின், தூக்குங்க.

அட்மின்
தூக்கியாச்சு.

கீழக்கரைப் பையன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லைன்மேன் ஐயா சொன்ன அந்த உருகுன பிளக்கு நேத்து கனவுலயே வந்துருச்சு. ராத்திரி மச்சானுக்குப் போன் போட்டு ஒவ்வொன்னாச் சொன்னேன். 54 ஆயிரம், 126, உப்பு, வரி எல்லாம். உம்மாவும் பக்கத்துல உக்காந்து "மாடி ரூம்ல அரிசி மூட்டை வைக்கணும், அதெல்லாம் வேணாம்"னு கத்துனாங்க. அவன் எல்லாத்தையும் கேட்டான். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெல்லமா, "சரி மச்சான், அப்ப கார்கோல போட்ட பெட்டிய என்ன பண்றது?"ங்குறான்.

வியாழக்கிழமையே போட்டுட்டானாம்.

உப்புக்காத்து
கஸ்டம்ஸ்ல என்ன சொல்றாங்கன்னு முதல்ல பாருங்க. வந்துச்சுன்னா மாடிக்கு ஏத்தாதீங்க, பதினாலு கிலோ, மறுபடி எறக்கணும். பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காம வச்சு வெளியூர்ல யாருக்காச்சும் வித்துருங்க. உப்பு படாத பெட்டின்னு சொல்லுங்க, அதுக்கே ரெண்டாயிரம் கூட வரும்.

உச்சிப்புளி
ஃபேன் மட்டும் தனியாக் குடுக்குறதா இருந்தா எனக்குச் சொல்லுங்க. கோழிக்கூண்டுக்கு.